ராணுவ ஹெட்செட்டை செஸ்னாவில் பேச வைத்த கதை

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஹெட்செட்டுக்கு இரண்டு ஜாக். தடித்தது, 6.35 மி.மீ., காதுக்கு, சற்று ஒல்லியானது, 5.23 மி.மீ., மைக்குக்கு. எங்களிடம் இருந்த பழைய ராணுவ ஹெலிகாப்டர் ஹெட்செட்டில் இருந்ததோ காதும் மைக்கும் சேர்ந்த ஒற்றை யு-174 பிளக். அடாப்டர் வாங்கிச் செருகினோம். காதில் கிசுகிசுப்புதான் கேட்டது. மைக் செத்தே கிடந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒலி குறைந்துபோனது.

அடாப்டருக்குக் காசு கொடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்திருக்க வேண்டும். பிளக்கில் காதுக்கான இரு தொடுமுனைகளுக்கு நடுவே (சிவில் காது பிளக்கில் நுனியும் அடிப்பாகமும்) மின்தடையை ஓமில் அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். சிவில் ஹெட்செட் நூற்றுக்கணக்கில் காட்டும். ராணுவத்தது 8 முதல் 20-க்குள் நிற்கும். (வால்யூம் குமிழை முழுதாகத் திறந்துவிட்டு அளக்கவும். இரைச்சல் நீக்கும் எலக்ட்ரானிக்ஸ் உள்ள மாடல்களில் இந்த அளவை நம்ப வேண்டாம்.) 150 முதல் 600 ஓம் வரை எதிர்பார்க்கும் இன்டர்காமில் (விமானத்துக்குள் பேசிக்கொள்ளும் கருவி) 8 ஓமை மாட்டினால், இணையாக இருக்கும் மற்ற ஹெட்செட்டின் ஒலியையும் அது இழுத்துக்கொள்ளும்.

மைக் கதை வேறு. விமான ரேடியோக்கள், மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் பழைய கார்பன் மைக்குக்காக வடிவமைந்தவை; குரல் போகும் அதே கம்பியில் மின்தடை வழியாக டிசி மின்சாரமும் அனுப்பும். இன்றைய எலக்ட்ரெட் மைக்கின் ஆம்ப்ளிஃபையர் அதில்தான் ஓடுகிறது. ராணுவ டைனமிக் மைக் வெறும் 5 ஓம் சுருள். ரேடியோ தரும் வோல்ட்டை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, சில மில்லிவோல்ட் குரலைத்தான் தரும்.

கடைசியில் மைக்கையே மாற்றி, ஆம்ப்ளிஃபையர் உள்ள எலக்ட்ரெட் போட்டோம். ஒவ்வொரு காதுக்கும் ஒரு 300 ஓம் இயர்போன், இரண்டும் இணையாக, மொத்தம் 150 ஓம். உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மரும் மைக் ஆம்ப்ளிஃபையரும் உள்ள அடாப்டரும் கிடைக்கிறது, ஆனால் சாதா அடாப்டரைவிட விலை கூடுதல்.

அதற்குப் பிறகும் மைக் பேசாவிட்டால், ஜாக்கில் நடு வளையத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள்; 8 முதல் 16 வரை இருந்தால் ரேடியோ பக்கம் சரி. பெரும்பாலும் மைக் பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்' சத்தம் வந்தால், ஜாக்கை விமானத்தின் உலோகத் தகட்டிலிருந்து பிரிக்கும் இன்சுலேஷன் வாஷர் விடுபட்டிருக்கும். ஜாக்கைக் கழற்றிப் பார்ப்பது உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் வேலை.

மைக்கைப் புள்ளி வைத்த பக்கம் உதட்டைப் பார்க்க, 3 மி.மீ. தள்ளி வையுங்கள். திருப்பி மாட்டினால் எஞ்சின் இரைச்சல்தான் ரேடியோவில் போகும்.