சாய்வெழுத்தில் தாவரப் பெயர்: யூனிகோடை வைத்துச் செய்து பார்த்தது

தெருவோரச் செடிகளையும் மரங்களையும் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது என் பொழுதுபோக்கு. படத்துக்குக் கீழே தமிழ்ப் பெயர், அப்புறம் அறிவியல் பெயர். அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தில் எழுதுவது தாவரவியலில் ஊறிப்போன வழக்கம். பேரினமும் சிற்றினமும் சாயும், பின்னால் வரும், பெயர் வைத்த லின்னேயஸின் சுருக்கமான 'எல்.' நேராக நிற்கும். வாட்ஸ்அப்பில் முன்னும் பின்னும் ஓர் அடிக்கோடு போட்டால் போதும், சாய்ந்துவிடும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் அந்த வசதி கிடையாது. ஆனாலும் பலர் அங்கே சாய்ந்த ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள், அதற்கென்று இணையத்தில் மாற்றித் தரும் பக்கங்களும் நிறைய இருக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு நானே ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, அங்கே எதுவும் சாய்க்கப்படுவதில்லை என்பது. அவை வேறு எழுத்துகள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோட். அதில் கணித எழுத்துகளுக்கென்று ஒரு தொகுதி இருக்கிறது, 119808-இலிருந்து 120831 வரை 1024 இடங்கள். 2001-இல் யூனிகோட் 3.1 பதிப்பில் சேர்த்தார்கள். தடித்தது, சாய்ந்தது, தடித்துச் சாய்ந்தது, கையெழுத்து போன்றது, ஜெர்மானியப் பழைய அச்சு போன்றது என்று ஆங்கில அகரவரிசை திரும்பத் திரும்ப அதில் வருகிறது. எழுத்தின் தோற்றத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் எழுத்துக்கு மட்டும்தான் எண் கொடுப்போம் என்பது யூனிகோடின் அடிப்படைக் கொள்கை. அதை மீறி இந்தத் தொகுதி ஏன் வந்தது என்றுதான் எனக்கு முதலில் குழப்பம்.

காரணம் கணிதத்திலேயே இருக்கிறது. யூனிகோடின் கணித அறிக்கை இயற்பியலிலிருந்து ஓர் உதாரணம் தருகிறது. ஆற்றலைச் சொல்லும் ஹாமில்டோனியன் சமன்பாட்டில் இடப்பக்கம் கையெழுத்து வடிவில் ஓர் எச், வலப்பக்கம் தொகையீட்டுக்குள் காந்தப்புலத்தைக் குறிக்கும் இன்னோர் எச். வடிவ வேறுபாட்டை எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக அனுப்பினால் இரண்டும் ஒன்றாகி, எச்-ஐயே கண்டுபிடிக்கச் சொல்லும் வேறொரு சமன்பாடாக மாறிவிடும். அங்கே சாய்வும் வளைவும் அலங்காரமில்லை, பொருளே அதுதான். அதனால்தான் இடம் கொடுத்தார்கள். நாம் கேப்ஷனில் பயன்படுத்துவது இயற்பியலாளர்களுக்காகச் செய்த எழுத்தை. இது தெரிந்த பிறகு எனக்கு இந்த வேலையில் ஆர்வம் இரண்டு மடங்கானது.

கணக்கு எளிது. ஆங்கிலப் பெரிய ஏ 65, சாய்ந்த பெரிய ஏ 119860. அதனால் பெரிய எழுத்துகளுக்கு 119795-ஐக் கூட்ட வேண்டும். சிறிய ஏ 97, சாய்ந்தது 119886, கூட்ட வேண்டியது 119789. இந்த ஆறு வித்தியாசம், ஆங்கில எழுத்துகளுக்கு எண் தந்த பழைய ஆஸ்கி அட்டவணையில் பெரிய இசட்டுக்கும் சிறிய ஏ-வுக்கும் நடுவே வேறு ஆறு குறிகள் உட்கார்ந்திருப்பதால் வருவது. ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகிறவர்கள், எண்ணை எழுத்தாக்க ஃப்ரம்கோட்பாயின்ட் என்ற கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய ஃப்ரம்சார்கோடு 65535-க்கு மேல் தாங்காது, மேல்பகுதியை வெட்டிவிடும், சாய்ந்த ஆங்கிலத்துக்குப் பதிலாகக் கொரிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும்.

பனைமரத்தின் பெயரான பொராசஸ் ஃபிளாபெலிஃபரைக் கொடுத்தேன், அழகாகச் சாய்ந்து வந்தது. அடுத்து நெல்லி, ஃபில்லாந்தஸ் எம்பிளிகா. அதில் எச் வரும் இரண்டு இடத்திலும் வெறும் பெட்டி. வேம்பிலும் அப்படியே, பூவரசிலும் அப்படியே. தேடிப் பார்த்தால், சாய்ந்த சிறிய எச் வர வேண்டிய 119893-ஆம் இடம் காலி. இயற்பியலில் வரும் பிளாங்க் மாறிலிக்கான குறி என்று சாய்ந்த எச் முன்பே 8462-இல் இருந்ததால், ஒரே எழுத்துக்கு இரண்டு எண் வேண்டாம் என்று இந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். கையெழுத்து வடிவில் இப்படி 11 ஓட்டைகள், ஜெர்மானிய வடிவில் 5, இரட்டைக்கோட்டு வடிவில் 7. சாய்வில் இது ஒன்றுதான், ஆனால் தாவரப் பெயர்களில் எச் வராத நாளே இல்லை.

8462-ஐத் தனியாகச் சேர்த்துவிடலாம், இரண்டு வரி வேலை. ஆனால் சில போன்களில் அந்த ஒரு எழுத்து மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து, பக்கத்து எழுத்துகளோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. அதனால் வேறு வழிக்குப் போனேன். அதே தொகுதியில் நுனிக்கோடு, அதாவது எழுத்தின் முனைகளில் வரும் சிறு கோடு, இல்லாத சாய்வெழுத்து வரிசை ஒன்று இருக்கிறது, பெரிய ஏ 120328, சிறிய ஏ 120354. அதில் ஓட்டையே இல்லை, எச் உட்பட 52 எழுத்தும் ஒழுங்காக இருக்கின்றன. போன் திரையில் மற்ற எழுத்துகளும் நுனிக்கோடு இல்லாதவைதான் என்பதால் பார்க்கவும் இதுவே பொருந்துகிறது. இப்போது நான் செய்த மாற்றித் தரும் பக்கம் இந்த வரிசையில்தான் ஓடுகிறது. வகையையும் துணைச்சிற்றினத்தையும் குறிக்கும் 'வார்.', 'சப்ஸ்பி.' போன்ற சுருக்கங்கள் நேராக இருக்க வேண்டும், அவற்றைத் தொடாமல் விடச் சொல்லியிருக்கிறேன்.

தமிழைச் சாய்க்க முடியுமா என்று நண்பர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வழியில் முடியாது. கணிதத்தில் சாய்ந்த க-வும் நேரான க-வும் வேறு வேறு பொருளில் வருவதில்லை, அதனால் அவற்றுக்கு எண்ணும் இல்லை. வாட்ஸ்அப்பில் தமிழ் சாய்கிறதே என்றால், அங்கே எழுத்து மாறவில்லை, திரையில் காட்டும்போது சாய்த்துக் காட்டுகிறார்கள், அதுதான் சரியான முறையும்கூட. எழுத்துக்குக் கீழே கோடு போடும் ஒட்டுக்குறியைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். அகர உயிர்மெய்களில் ஏதோ வருகிறது, கி, கொ மாதிரி இடங்களில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே அந்தக் குறி நுழைந்தால் புள்ளி வட்டம் எட்டிப் பார்த்து எழுத்து சிதைந்துபோகிறது. விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த விஷயங்கள். போனில் இருந்த திரை வாசிப்பானை ஓடவிட்டுக் கேட்டேன், தமிழ்ப் பெயரைச் சொல்லிவிட்டு அறிவியல் பெயர் வந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. வேறு சில வாசிப்பான்கள் 'கணிதச் சாய்வுச் சிறிய' என்று ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஆங்கிலத்தில் ஓதும். பார்வையில்லாத ஒருவருக்கு என் கேப்ஷனில் செடியின் பெயரே இல்லை என்றாகிறது. தேடலும் அப்படித்தான். சில தேடல்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன, சில எடுத்துக்கொள்வதில்லை. என் குறிப்புக் கோப்பில் நெல்லியின் பெயரைச் சாதாரணமாக அடித்துத் தேடினால் சாய்ந்த நெல்லி வரவில்லை. உலகம் முழுக்க ஒரே பெயரால் ஒரு செடியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அறிவியல் பெயரே இருக்கிறது. வழக்கத்தைக் காப்பாற்றப் போய்ப் பெயரைத் தேட முடியாததாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இடமும் அதிகம் பிடிக்கிறது. நெல்லியின் பெயர் இடைவெளியோடு 19 எழுத்து, 19 பைட். சாய்ந்தால் 73 பைட். எக்ஸ் தளத்தில் இந்த எழுத்து ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்காகும், அதனால் அங்கே 19 என்பது 37 ஆகிவிடும்.

ஆகவே திருப்பி மாற்றும் பொத்தான் ஒன்றையும் சேர்த்தேன். யூனிகோடின் என்எஃப்கேசி என்ற இயல்பாக்க முறை சாய்ந்ததையெல்லாம் ஒரே அடியில் சாதாரண எழுத்தாக்கிவிடும். ஆனால் அது சதுர மீட்டரின் மேலெழுத்து 2-ஐயும் கீழே இறக்கிவிடும், அரை என்ற குறியையும் பிரித்துவிடும். என் குறிப்புகளில் இரண்டும் வருவதால் 119808-இலிருந்து 120831 வரையும், கூடவே 8462-ஐயும் மட்டும் தொடச் சொல்லியிருக்கிறேன். பழைய குறிப்புகளை அதில் போட்டு எடுத்தாயிற்று, தேடினால் நெல்லி கிடைக்கிறது.

இப்போது கேப்ஷனில் அறிவியல் பெயரைச் சாதாரண எழுத்திலேயே எழுதுகிறேன். சாய்ந்த வடிவம் வேண்டுமென்றால் அதற்குக் கீழே கூடுதலாக ஒரு தரம், அதுவும் பெயர் ஏற்கெனவே மேலே இருப்பதால் மட்டும். பாக்கி இருப்பது ஐசோயீட்டிஸ் கோரமண்டலினா என்ற செடியின் பெயர். அதன் பேரினப் பெயரில் ஆங்கில இ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்து எழுதுகிறவர்கள் உண்டு, சாய்ந்த வரிசையில் புள்ளி வைத்த எழுத்து கிடையாது. 776-ஆம் எண் ஒட்டுக்குறியைப் பின்னால் சேர்த்தால் கணினியில் சரியாக உட்காருகிறது, என் போனில் புள்ளிகள் பக்கத்து எழுத்தின்மேல் நகர்ந்துவிடுகின்றன. புள்ளியில்லாமல் எழுதுவதையும் பெயரிடும் விதிகள் ஏற்றுக்கொள்கின்றன என்பதால் அதைப் புள்ளியில்லாமலே விடப்போகிறேன்.