சொட்டு மருந்தும் செட்டிபாளையமும்

நவம்பர் 11, செவ்வாய்

ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. முகத்தில் தண்ணீர் படக் கூடாது. தூசி அறவே ஆகாது. சொட்டு மருந்து இரண்டு விதம், வெள்ளை மூடி ஒன்று, ரோஸ் மூடி ஒன்று. மருமகள் நேரம் எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். கறுப்புக் கண்ணாடியோடு ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்தால் பையன்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். சாவு வீடா இது?

நாளைக் காலை லாரி. எங்கள் ரேஸ் கார் எஸ்டீம் குன்னூரிலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையம் ரேஸுக்குப் போகிறது.

நவம்பர் 12, புதன்

விடிவதற்குள் மகன்கள் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ராத்திரி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியாறு பக்கம் மரம் விழுந்து கிடக்கிறது என்று லாரிக்காரர் சொன்னதால் கோத்தகிரி வழி. சுற்றுதான், பரவாயில்லை. மேலே காரைக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசியில் முன்னே பின்னே எடுத்து ஒடிப்பதைவிட இது தேவலை.

சின்னவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெரியவன், "அப்பா, டார்க் ரெஞ்ச் எங்கே வெச்சீங்க?" என்றான். யார் ஓட்டுகிறவன், யார் ஸ்பானர் பிடிக்கிறவன் என்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம்.

எஸ்டீமைத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பின்பக்கம் இடது கயிறு தளர்ச்சி" என்றேன். இருட்டில் எப்படித் தெரிந்தது என்று லாரிக்காரருக்கு ஆச்சரியம். கயிறு இறுகினால் முனகும். அது முனகவில்லை.

நானும் போயிருக்க வேண்டியது. டாக்டரிடம் செட்டிபாளையம் என்று வாயெடுத்ததுமே, "ரேஸ் ட்ராக்கா? பேச்சே கிடையாது" என்றார். கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-ல் திறந்தது. 2.1 கிலோமீட்டர், சின்ன ட்ராக், வளைவுக்கு வளைவு மூச்சு விட நேரம் தராது. எஸ். கரிவரதன் பெயரை வைத்திருக்கிறார்கள். மாருதி 800 எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்து, பணக்காரன் வீட்டுப் பிள்ளை இல்லாதவனும் ஓட்டலாம் என்று காட்டிய மனிதர். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பெயரில் ட்ராக் வந்ததை அவர் பார்க்கவில்லை.

இரவு. தூக்கம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்பார்க் பிளக் (எஞ்சினில் பொறி தருவது) டப்பாவைத் திறந்தேன். ஆபரேஷன் ஆன கண்ணால் ஒரு பிளக்கைப் பார்த்தேன், பீங்கான் கிட்டத்தட்ட வெள்ளை. அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தால் அதே பிளக் நல்ல பிஸ்கட் பழுப்பு. பெட்ரோல் கலவை சரியாக இருந்தால் பழுப்பு, பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் வெள்ளை. ஒரு பையனுக்குத் தொழில் சொல்லித் தரும்போது முதலில் காட்டுவதே இதைத்தான்.

இந்தக் காரின் பிளக்குகளை நான் கடைசியாகப் பார்த்தது ஆபரேஷனுக்கு முன்னால்.

நவம்பர் 13, வியாழன்

வண்டிப் பரிசோதனை முடிந்ததாம். சீட் பெல்ட்டின் காலாவதித் தேதி, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் கம்பிக்கூடு) வெல்டிங், தீயணைப்பான், எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். இங்கே காலையிலிருந்து மழை. மருமகள் வெள்ளை மூடி எது, ரோஸ் மூடி எது என்று என்னைச் சோதிக்கிறாள்.

நவம்பர் 14, வெள்ளி

காலைப் பயிற்சியிலேயே வண்டி இடறுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டி மிதித்தால் விட்டு விட்டு அடிக்கிறதாம். பெரியவன் போனில், "இங்க குன்னூர்ல சரியாத்தானேப்பா ஓடிச்சு" என்றான். ஓடத்தான் ஓடியது. அது எனக்குத் தெரியாதா?

முதலில் நெஞ்சில் தட்டியது அந்த வெள்ளைப் பிளக்தான். பெட்ரோல் போதவில்லையோ? பிளக்கைக் கழற்றி போட்டோ அனுப்பினான். போட்டோவில் நிறம் பார்ப்பது வீண் வேலை. போன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும். அதைப் பார்க்க எனக்கு இருப்பதும் ஆளுக்கொரு நிறம் சொல்கிற இரண்டு கண்.

போனை பானெட் பக்கத்தில் வைத்து முடுக்கச் சொன்னேன். வீட்டில் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, காதோடு போனை ஒட்டிக்கொண்டேன். நியூட்ரலில் ஏழாயிரம் வரை சுத்தமாக ஏறியது. ஒரு இடறல் இல்லை. அப்புறம் சின்னவனை, போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மதியப் பயிற்சிக்குப் போ என்றேன். விதிப்படி கூடாதாம். சரி, பெரியவனை ட்ராக் ஓரத்துப் பிட் சுவரில் நின்று பிடிக்கச் சொன்னேன். நேர்ப்பாதையில் கார் கடந்தபோது கேட்டுவிட்டது. நாலு அடியில் ஒன்று காணோம். அதுவும் பாரம் ஏறும்போது மட்டும்.

பெட்ரோல் பற்றாக்குறை இப்படிப் பேசாது. அது இழுக்கும், மூச்சு வாங்கும், மெல்லத் தேயும். இது வெட்டு. நெருப்புப் பொறி தவறுகிறது.

ஏன் இங்கே தவறவில்லை? குன்னூர் 1850 மீட்டர். காற்று மெலிசு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அதனால் உள்ளே அழுத்தமும் குறைவு, பொறி சுலபமாகத் தாண்டிவிடும். கோயம்புத்தூர் நானூறு மீட்டர் சொச்சம். அங்கே ஒவ்வொரு இழுப்புக்கும் காற்று கெட்டியாக உள்ளே போகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதுதான் கூடுதல் குதிரைசக்தி, நமக்கு லாபம். ஆனால் அந்த அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். அந்த வோல்ட்டைத் தரும் காயில் கொஞ்சம் தளர்ந்திருந்தால் கைவிட்டுவிடும். நியூட்ரலில் பாரம் இல்லை, அதனால் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கிறது.

"காயிலை மாத்து. பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர். ஒயரையும் மாத்திடு, பழசை வெச்சுக்கிட்டு அழாதே."

"இ.சி.யு.வில, அந்த எஞ்சின் கம்ப்யூட்டர்ல ஏதாவது இருக்குமோன்னு பக்கத்து டீம்ல லேப்டாப்போட ஒருத்தர்..."

"முதல்ல காயிலை மாத்துடா."

மாலை ஐந்தரைக்கு ஒரே ஒரு செய்தி: "சரியாயிடுச்சு."

வர்க்கியும் டீயும். சொட்டு மருந்து மறந்து, வீட்டுக்காரி கத்தி, போட்டாயிற்று.

நவம்பர் 15, சனி

தகுதிச் சுற்றில் ஐந்தாவது இடம். முன்னால் இருக்கிற நாலு பேரும் நாலு பெரிய பட்ஜெட்.

முதல் ரேஸில் நாலாவதாக ஓடிக்கொண்டிருந்த சின்னவனைப் பின்னாலிருந்து ஒருத்தன் இடித்து வெளியே அனுப்பிவிட்டான். மண்ணில் இறங்கி ஏறி ஏழாவதாக முடித்திருக்கிறான். பின் பம்பர் பாதி இல்லை, இடது பின் சக்கரத்தில் ஃபெண்டர் உரசுகிறது. இடித்தவனுக்கு எச்சரிக்கை மட்டும். சின்னவன் போனில் கொதித்தான். கொதிக்கட்டும், வயசு அது.

டூரிங் கார் என்றாலே இதுதான். ஃபார்முலா காரில் சக்கரம் வெளியே நிற்கிறது, தொட்டால் போச்சு. இது கதவும் கூரையும் உள்ள கார், காய்கறி வாங்கப் போகிற கார். தொடலாம், உரசலாம், தள்ளினால்தான் தப்பு. உரசலுக்கும் தள்ளலுக்கும் கோடு எங்கே என்பதில்தான் உலகம் முழுக்கச் சண்டை. இங்கிலாந்தில் 1958-லிருந்து நடத்துகிறார்கள், இன்னும் தீரவில்லை. அவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். நன்றாக ஓடினவன் காரில் அடுத்த ரேஸுக்கு எடை ஏற்றினார்கள், ஒரு காலத்தில் 75 கிலோ வரை. ஒரே நாளில் மூன்று ரேஸ், மூன்றாவதில் முன்வரிசையைத் தலைகீழாக்கி நிறுத்துவார்கள். கெட்டிக்காரனைத் தண்டிக்கிற முறை என்று பெரியவன் சொல்வான். பார்க்கிறவனுக்கு அதுதான் ருசி என்பது என் கட்சி. காசு இருக்கிறவன் தினமும் ஜெயிப்பதைப் பார்க்க டிக்கெட் எதற்கு?

சோழவரத்தில் நான் பார்த்த ரேஸ்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. யுத்தகால விமான ஓடுதளம், ஓரத்தில் வைக்கோல் கட்டு, கம்பிக்கு அந்தப்பக்கம் ஜனம். ஃபியட் ஒன்று உள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பியதை வாய் பிளந்து பார்த்தேன். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகு அதெல்லாம் நின்றது. நல்லதுக்குத்தான்.

ஃபெண்டரைச் சுத்தியால் அடித்து நிமிர்த்துகிறார்களாம். போனில் அந்தச் சத்தம் கேட்டது. ரப்பர் சுத்தி இல்லை, இரும்பு. டப்பாவில் ரப்பர் சுத்தி இருக்கிறது, கேட்டால்தானே?

நவம்பர் 16, ஞாயிறு

காலை: பனி. எதிர்ச் சரிவுத் தேயிலை தெரியவில்லை. புதுக் கண்ணில் பனி வெள்ளையாக இருக்கிறது, பழைய கண்ணில் டீத்தண்ணி. இதை இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை, வீட்டுக்காரிக்கே சலித்துவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிறு விடியற்காலையில் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் ரேஸ் பார்த்தேன். அது மலை ட்ராக். 6.213 கிலோமீட்டர், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 174 மீட்டர் வித்தியாசம், 161 சுற்று, மொத்தம் ஆயிரம் கிலோமீட்டர். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அது ஊர்ச் சாலை, மணிக்கு 60-க்கு மேல் போனால் போலீஸ் பிடிக்கும். மேலே சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கி வளைவதைப் பார்த்தால் நம் காட் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருக்கும். அவர்கள் சிரிப்பார்கள். எதிரே யாரும் வரவில்லையே, இதில் என்ன கஷ்டம் என்பார்கள்.

மதியம் 1.20: போன் இல்லை.

1.45: போன் இல்லை. வீட்டுக்காரி மாரியம்மன் கோயிலுக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

2.10: இரண்டாவது!

மருமகள் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. கடைசிச் சுற்றில் ஒருத்தன் பிரேக் பிடிக்கத் தாமதித்து அகலமாகப் போனானாம், உள்பக்கம் இடம் கிடைத்ததாம். உள்ளே போனேன் அவ்வளவுதான் என்கிறான் சின்னவன். நேற்றுக் கொதித்தவனா இவன்?

மாலை 4: எதிர்ப்பு மனு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் எஞ்சின் மேல்.

ரிசல்ட் ஒட்டின அரைமணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் அந்தச் செலவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு கோபம். நேர்ப்பாதையில் ஒரு எஸ்டீம் இப்படி இழுக்காது என்று சொன்னார்களாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் அது இழுக்கவே இல்லையே, அப்போது வந்து ஆறுதல் சொன்னார்களா?

கார் காவலில் இருக்கிறது. பெரியவனைத் தவிர யாரும் தொடக் கூடாது, அவனும் அதிகாரி சொன்னால்தான் தொடலாம்.

போர் (சிலிண்டர் விட்டம்) 74 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5. நாலு சிலிண்டர். எத்தனை தடவை பெருக்கினாலும் 1298 சி.சி.தான் வரும். பிளாக்கை மைக்ரோமீட்டர் வைத்து அளந்தது நான். ஒவ்வொரு சிலிண்டரும் மேல், நடு, அடி, குறுக்கும் நெடுக்கும். எழுதி வைத்த நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்து மருமகளைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். "மாமா, ரெண்டு தடவையும் ஒண்ணுதான்" என்றாள்.

அளவைப் பற்றிப் பயமில்லை. மைக்ரோமீட்டர் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன், வேலைக்காரப் பையனும் கூடவே பார்த்தான். வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கம்பெனியிலிருந்து வந்தது, கைவைக்கவில்லை. சிலிண்டர் ஹெட்டில் காற்று போகும் துளையான போர்ட்டின் ஓரத்தைத் தேய்த்தது விதிக்குள். விதிப் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் மடித்தே வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு எஞ்சினை நான் இல்லாத இடத்தில் வேறு யாரோ திறக்கிறார்கள். ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் தளர்த்துவார்கள்? ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. சூடாக இருக்கும்போதே தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். ஆறினதா என்று கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை. ஹாஸ்பிடலில் என்னைப் படுக்க வைத்தபோது வெளியே உட்கார்ந்திருந்தவன் பெரியவன். அன்றைக்கு அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையாம், சும்மா இருந்தானாம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இரவு 9: ஹெட் ஆறினதாம். இப்போதுதான் கழற்றுகிறார்கள்.

நவம்பர் 17, திங்கள்

1298. கேம் சரி. இரண்டாம் இடம் உறுதி. செய்தி வந்தது ராத்திரி பதினொன்றரைக்கு. எடுத்துப் படித்துச் சொன்னவள் வீட்டுக்காரி, அதுவும் கண்ணாடி இல்லாமல்.

காலையில் கண் செக்கப். நன்றாக ஆறுகிறதாம். அடுத்த கண் ஜனவரியில் பார்க்கலாம் என்றார்கள். இரண்டும் ஆனால் பழைய பழுப்பு எனக்குத் தெரியாமலே போய்விடுமே என்று கேட்க வாய் வந்தது. டோக்கன் வரிசை நீளமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கார் கோத்தகிரி வழியில் குஞ்சப்பனை தாண்டிவிட்டது.

பெரியவனிடம் இந்த வண்டியின் நாலு பிளக்கையும் அப்படியே கொண்டுவரச் சொல்லியிருந்தேன், பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க. கழற்றி ஒரு டீ கப்பில் போட்டுவைத்தானாம். எது எந்தச் சிலிண்டர் என்று குறிக்கவில்லையாம். போகட்டும் என்றால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கிற பழைய ஹெட் கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டு, ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி லாரியில் ஏற்றியிருக்கிறான். தள்ளி ஏற்ற அங்கே ஆளா இல்லை? புது கேஸ்கெட் பெட்டியின் மேல்தட்டிலேயே இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். வரட்டும்.