ஹார்ட் டிஸ்கா, க்ளவுடா? ஒரு கல்யாண வீடியோ ஆபீஸின் கணக்கு

சென்னையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஆபீஸில் டேட்டாவைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கேமராக்காரர்கள் மண்டபத்திலிருந்து கொண்டுவரும் மெமரி கார்டுகளை வாங்கி, காப்பி எடுத்து, சரிபார்த்து, எடிட்டருக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் எந்த வருஷத்து முகூர்த்தத்தை யார் கேட்டாலும் அது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். புதிதாக ஸ்டுடியோ தொடங்கும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, ஹார்ட் டிஸ்க் வாங்கி அடுக்கவா, இல்ல க்ளவுடுக்கே போயிடவா?" எதில் செலவு குறைவு என்ற நினைப்பில் கேட்கிறார்கள். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: நாளைக்கு அந்த ஃபைல் வேண்டும் என்றால் எவ்வளவு நேரத்தில் உன் கைக்குத் திரும்பி வரும்? இதற்குப் பதில் தெரியாமல் எங்கே போட்டு வைத்தாலும் அது பேக்கப் ஆகாது என்பது என் எண்ணம்.

முதலில் அளவு. 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வைத்து எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், நான்கு கேமரா, மேலே ட்ரோன், போட்டோக்காரரின் ரா படங்கள் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் பெரிய ஃபைல்கள்) எல்லாம் சேர்த்தால் ஒரு கல்யாணம் முக்கால் டெராபைட்டைச் சாதாரணமாகத் தாண்டும். தை, வைகாசி, ஆவணி மாதிரி முகூர்த்தம் நெருங்கி வரும் மாதங்களில் ஒரே வாரத்தில் மூன்று நான்கு கல்யாணம் வந்து நிற்கும். ஆபீஸ் லைன் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 12.5 எம்பி. ஒரு டெராபைட் ஏறி முடிய 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் லைன் கொஞ்சமும் தளராமல் ஓடினால். கேமரா எழுதும் வேகமும் லைன் ஏற்றும் வேகமும் ஒன்றுதான், ஆனால் கேமரா நான்கு, லைன் ஒன்று. போதாததற்கு பிராட்பேண்ட் பிளான்கள் பலவற்றில் மாதம் 3.3 டெராபைட் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்லோடும் அந்தக் கணக்கில்தான் சேரும். அன்லிமிடெட் என்ற பேரைப் பார்த்து பிளான் எடுப்பவர்கள், கீழே சின்ன எழுத்தில் இருப்பதையும் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

ஆக, எல்லா ஃபுட்டேஜையும் க்ளவுடில் ஏற்றிவிடலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம். சரி, பொறுமையாக ராத்திரி ராத்திரியாக ஏற்றிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். விலை அடுத்து வரும். அமேசானின் க்ளவுடில், அடிக்கடி எடுக்காத ஃபைல்களை நெடுநாள் போட்டு வைக்க க்ளேசியர் டீப் ஆர்க்கைவ் என்று ஒன்று உண்டு. அமெரிக்க மையங்களில் ஒரு டெராபைட் வைத்திருக்க மாதம் ஏறக்குறைய ஒரு டாலர்தான். கேட்டவுடன் மனம் குளிரும். ஆனால் எடுக்க வேண்டும் என்று சொன்னால் ஃபைல் தயாராக 12 மணி நேரம், மலிவான வழியில் கேட்டால் 48 மணி நேரம் வரை. 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாளுக்கான வாடகையைக் கட்ட வேண்டும். இன்டர்நெட் வழியாக வெளியே இறக்க ஒரு ஜிபிக்கு 9 சென்ட், அதாவது ஒரு டெராபைட்டுக்குக் கிட்டத்தட்ட 90 டாலர். ஏழு வருஷ வாடகையை ஒரே நாளில் கொடுப்பது போல. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் வெளிப்படையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏற்றும்போது விலையைப் பார்க்கிற நாம், இறக்கும்போது ஆகும் விலையையும் அதே மூச்சில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இலவசத்தை நம்பித் தொழில் நடத்துவதும் ஆபத்து. கூகுள் போட்டோஸில் சுருக்கிய தரத்தில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் சும்மா ஏற்றலாம் என்று இருந்தது, 2021 ஜூன் 1 முதல் ஏற்றுவதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி கணக்கில் சேரும் என்று மாறியது நினைவிருக்கும்.

அதற்காக ஹார்ட் டிஸ்கே கதி என்றும் சொல்ல மாட்டேன். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்குகளின் பழுதுக் கணக்கைப் பல வருஷமாக வெளியிட்டு வருகிறது, அதில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான் டிஸ்குகள் சாகின்றன. ஆனால் அவை குளிரூட்டிய கட்டடத்தில், அசையாமல், ஒரே சீராக ஓடும் டிஸ்குகள். நம் டிஸ்க் பைக்கில் முதுகுப்பையில் குலுங்கி வருகிறது, எடிட் நடக்கும்போது மேஜை ஓரத்தில் ஒயரோடு தொங்குகிறது, கரண்ட் போய் வருகிறது. பழுதாகிப் போன டிஸ்கைச் செருகினால் சீரான இடைவெளியில் டக், டக் என்று ஒரு சத்தம் வரும். உள்ளே தட்டில் இருப்பதைப் படிக்கும் ஹெட் இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்பும் சத்தம் அது. அதைக் கேட்டவுடன் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், மறுபடி மறுபடி செருகிப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் ஓட ஓட ஹெட் தட்டை உரசி மிச்சம் இருப்பதையும் கெடுக்கும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஆரம்பித்துத் தேடினால் மீட்டுக் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள், ஆனால் அவர்கள் கேட்கும் காசுக்குப் புது டிஸ்குகள் பல வாங்கலாம், முழுதாகக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-க்கு இந்தச் சத்தமும் இல்லை, பல நேரம் அறிகுறியும் இல்லை. எடிட் செய்ய அது அருமையான பொருள், ஆனால் கரண்டே இல்லாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்தால் அதில் உள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும், அதனால் நெடுநாள் காப்புக்கு நாங்கள் அதை வைப்பதில்லை.

இன்னொன்று, எத்தனை டிஸ்க் இருந்தாலும் ஒரே அறையில் இருந்தால் ஒரு டிஸ்க் மாதிரிதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி, கோட்டூர்புரம் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. க்ளவுடும் ஒரு கட்டடம்தான். பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் 2021 மார்ச் 10-ம் தேதி எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தது, அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 858 டெராபைட் போய்விட்டது, வெளியே காப்பியே இல்லை. ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு எங்கள் தொழிலிலிருந்து வந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். மண்டபத்தில் எடுத்து முடித்த கார்டைக் கவிழ்த்து வைப்பது வழக்கம், நேராக இருந்தால் காலி கார்டு. ஆபீஸ் வந்ததும் ஒவ்வொரு கார்டும் இரண்டு டிஸ்கில் இறங்கும். காப்பி முடிந்தது என்று திரையில் வந்தால் போதாது, மூலத்தையும் காப்பியையும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டு ஒப்பிட்டு இரண்டும் ஒன்றே என்று வந்த பிறகுதான் கார்டு ஃபார்மட்டுக்குப் போகும். எவ்வளவு அவசரமாக அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பினாலும் இதில் சமரசம் கிடையாது, காலி கார்டு தீர்ந்துவிட்டால் புதுக் கார்டு வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிடுவேன். இரண்டாவது டிஸ்க் ஆபீஸில் தங்காது, முதலாளி வீட்டு மாடிக்குப் போய்விடும்.

க்ளவுடுக்கு அன்றைக்கே ஏறுவது முகூர்த்தம் மட்டும். கெட்டிமேளம் கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஒரு பத்து நிமிஷம், நான்கு கேமராவிலும். கணக்குப் போட்டால் 30 ஜிபி, நாற்பது நிமிஷத்தில் ஏறிவிடும். ரிசப்ஷன் மேடையில் வரிசையாக வந்து நிற்பவர்களில் கொஞ்சம் போனால்கூட மன்னிப்புக் கேட்டு ஈடு செய்யலாம், தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. அதனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் இரண்டு டிஸ்கோடு மூன்றாவது இடமும் உண்டு. அப்புறம் எடிட் முடிந்த படம், எடிட்டரின் ப்ராஜெக்ட் ஃபைல், தேர்ந்தெடுத்த போட்டோக்கள், இவையும் க்ளவுடில். எங்கே வெட்டி எங்கே ஒட்டினோம் என்ற குறிப்பு மட்டும் இருக்கும் ப்ராஜெக்ட் ஃபைல் அளவில் ரொம்பச் சின்னது, ஆனால் ஒரு ஆளின் மூன்று வார உழைப்பு அதற்குள்தான் இருக்கிறது. இந்த ஃபோல்டரை சிங்க் செய்து, அதாவது இங்கே மாறுவது க்ளவுடிலும் தானாக மாறும்படி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே ஒருவர் கை தவறி அழித்தால் அங்கேயும் அழியும், வைரஸ் வந்து பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் மேலே போய் உட்காரும். பழைய வெர்ஷன்களை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்குக்கும் இதேதான், காப்பி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், செருகியே கிடக்கிற டிஸ்கையும் அந்த வைரஸ் விடாது.

எடிட் செய்யாத ரா ஃபுட்டேஜை எதற்கு இவ்வளவு கட்டிக்காக்க வேண்டும், படம் கொடுத்தாகிவிட்டதே என்று கேட்பார்கள். பல இடங்களில் சில மாதத்தில் அழித்தும் விடுகிறார்கள், டிஸ்க் செலவை நினைத்தால் அவர்களைத் திட்டவும் முடியாது. ஆனால் கல்யாணம் முடிந்து வருஷங்கள் கழித்து ஒரு பெண் போன் செய்வார், "அண்ணா, எங்க பாட்டி தவறிட்டாங்க, படத்துல அவங்க அட்சதை போடறது ஒரு நொடிதான் வருது, வேற ஏதாவது இருக்கா?" இருக்கும். மூன்றாவது கேமராவில், யாரும் பயன்படுத்தாத ஒரு துண்டில், பாட்டி பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். இந்த மாதிரி அழைப்புகள் வருவதால்தான் ராவை அழிக்கக் கூடாது என்று முதலாளியிடம் ஒவ்வொரு வருஷமும் வாதாடுகிறேன். அலமாரியில் இருக்கும் டிஸ்குகளை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டு செக்சம் பார்க்கிறோம், பழையதாகிவிட்டால் பெரிய டிஸ்குக்கு மாற்றுகிறோம்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒன்று சொல்லி அனுப்புகிறேன். நாங்கள் கொடுக்கும் டிஸ்கை நகையோடு பீரோவில் பூட்டி வைத்துவிட்டுப் பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்க்காதீர்கள். வாங்கிய வாரமே இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து, ஒன்று பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில் இருக்கட்டும். பெண் வீடு திருநெல்வேலி, மாப்பிள்ளை வீடு சென்னை என்றால் ரொம்ப நல்லது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இரண்டு வீட்டிலும் செருகி, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிடச் சொல்கிறேன்.