ப்ளூகில்லா, வேறொன்றா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில், மேடிசன் ஊரின் மோனோனா ஏரியில் தூண்டில் போட்டு, மாட்டும் சன்ஃபிஷ் என்ற நன்னீர் மீன் ஒவ்வொன்றும் எந்த இனம் என்று போன கோடையிலிருந்து நோட்டில் குறித்து வருகிறேன். சின்னத் தூண்டில் முள், ஒரு துண்டு மண்புழு, தக்கை. இவ்வளவுதான் செலவு. வருவதில் பெரும்பாலானவை ப்ளூகில் என்ற இனம். அதை உறுதியாகச் சொல்வதில்தான் வேலை இருக்கிறது.

நிறத்தை நம்புவதை விட்டுவிட்டேன். முட்டையிடும் பருவத்து ஆணுக்கு நெஞ்சு செம்பு நிறத்தில் மின்னும், பெண்ணுக்கு வெளிர்மஞ்சள். உடம்பில் மேலிருந்து கீழாக ஓடும் பட்டைகள் ஒரு மீனில் பளிச்சென்று இருக்கும், அடுத்ததில் தேடினாலும் கிடைக்காது.

இப்போது கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்ததும் முதலில் பார்ப்பது அடிவயிற்றுப் பின்துடுப்பை. அதில் முள் மூன்றுதான் என்றால் மேலே போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ இருந்து கண்ணும் சிவந்திருந்தால் அது ராக் பாஸ் என்ற இனம்.

அப்புறம் செவுள் மூடியின் பின்னால் காது மாதிரி நீளும் மடல். ப்ளூகில்லுக்கு அது விளிம்பு வரை கறுப்பு. பம்ப்கின்சீடு என்ற இன்னொரு சன்ஃபிஷுக்கு நுனியில் செம்புள்ளி இருக்கும். கிரீன் சன்ஃபிஷுக்கு வெளிறிய விளிம்பு. முதுகுத் துடுப்பின் கடைசிப் பகுதியில், அடியோரம் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் ப்ளூகில் பக்கம் இன்னும் சாயலாம். குட்டி மீன்களில் அந்தப் புள்ளி சரியாகத் தெரியாது. பக்கத் துடுப்பை மெதுவாக முன்னால் மடக்கினால் நுனி கண்ணைத் தாண்டும். கிரீன் சன்ஃபிஷின் துடுப்பு குட்டை, உருண்டை. அதன் வாயும் பெரிது.

எங்கே வாழும் மீன் என்பதும் கைகொடுக்கிறது. படத்தில் குழப்பும் ரெட்பிரெஸ்ட் என்ற சன்ஃபிஷ் அட்லாண்டிக் பக்கத்து ஆறுகளுக்கு உரியது. இந்த ஏரியில் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். ஆனால் ப்ளூகில்லை வரைபடம் கட்டிப்போடாது. கியூபெக் தொடங்கி வடக்கு மெக்சிகோ வரை சொந்த இடம் என்றாலும், மனிதர்கள் எங்கெங்கோ கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். 1960இல் சிகாகோ மேயர் பரிசாகக் கொடுத்த மீன்களை ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிதோ தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே பெருகி உள்ளூர் மீன்களுக்கு வினையானதைச் சொல்லி, 2007இல் அவரே வருந்தினார்.

நோட்டில் இன்னும் பெயர் எழுதாத ஒன்று இருக்கிறது. வாய் பெரிது, மடல் ஓரம் வெளிறியது, ஆனால் பக்கத் துடுப்பு நீளம். ப்ளூகில்லும் கிரீன் சன்ஃபிஷும் கலப்பது சகஜம், அதனால் கலப்பு என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிட்டேன்.