கமினோ நடையில சாப்பாடும் சமையலறையும்

ஸ்பெயின்ல சாந்தியாகோ ஊர் தேவாலயத்துக்குப் போற கமினோங்கற யாத்திரைப் பாதையில நடக்கறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது சாப்பாட்டு நேரம். அங்க ஊர்க்காரங்க ராத்திரி 9 மணிக்கு மேலதான் சாப்பிடுவாங்க, ஆனா ஆல்பெர்கேங்கற யாத்ரீகர் விடுதிகள்ல பெரும்பாலும் 10 மணிக்கே கதவ சாத்திடுவாங்க, அதனால நடக்கறவங்களுக்குன்னே நிறைய ஹோட்டல்ல சீக்கிரமாவே பில்கிரிம் மெனு போடறாங்க, சூப்போ சாலடோ, ஒரு மெயின், ரொட்டி, வைன்னு. சைவம்னா முன்னாடியே சொல்லிடுங்க. சாந்தியாகோ இருக்கற கலீசியா மாநிலத்தோட அரசு விடுதிகள் பலதுல அடுப்பு இருக்கும் பாத்திரம் இருக்காது, பையில சின்னதா ஒண்ணு வச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை சின்ன ஊர்ல கடை மூடிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டொனாத்திவோ, அதாவது நம்மால முடிஞ்ச காசைக் குடுத்துத் தங்கற இடங்கள்தான், எல்லாரும் சேர்ந்து காய் நறுக்கி சமைச்சு ஒரே மேசையில சாப்பிடறது, ஃபிக்ஸட் ரேட் கிடையாது, ஆனா தயவுசெஞ்சு உண்டியல்ல போடாம கிளம்பிடாதீங்க, அடுத்து வர்றவங்க சாப்பாடு அந்தக் காசுலதான்.