உப்பு ஜாடியும் 22 சுருட்டும்

கொழும்புக்கு வந்த முதல் மாதத்திலேயே உப்பு ஜாடி தண்ணீர் விட்டுவிட்டது. திருச்சியில் கோடையில் கொடியில் போட்ட சேலை அரை மணி நேரத்தில் மொடமொடவென்று நிற்கும். வெள்ளவத்தையில், கடலோரச் சாலையான மரைன் டிரைவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் நாலாவது மாடி வீட்டில், பொரித்த அப்பளம் சாதம் பரிமாறுவதற்குள் நமத்தது. தீக்குச்சியை உரசினால் மருந்து வழண்டு வந்தது. அலமாரியில் இருந்த தோல் செருப்பில் பச்சை பூத்தது. அது 2022 ஜனவரி. மழைக்காலமே இன்னும் தொடங்கவில்லை.

செருப்பு போனால் போகட்டும். எனக்கு இருந்த கவலையெல்லாம் ஒரு தகரப் பெட்டியைப் பற்றித்தான். அதில் தாத்தா சுருட்டிய 22 சுருட்டுகள் இருந்தன. உறையூரில் ஒரு சின்னத் திண்ணையில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் சுருட்டு சுருட்டியவர் அவர். 2011இல் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் படையல் இலையில் அவர் கையால் சுருட்டிய ஒரு சுருட்டை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். முதலில் அம்மா வைத்தார், அம்மாவுக்குப் பிறகு நான். 22 சுருட்டு என்றால் 22 ஆடி. அதனால்தான் ஊரில் யாரிடமும் விட்டுவர மனம் வரவில்லை. விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சொல்லிவிட்டுக் கூடவே எடுத்து வந்தேன்.

ஜூனில் பெட்டியைத் திறந்தால் ஏழு சுருட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கீழ் வீட்டு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார்.

“பிள்ளை, இது பூஞ்சணம். உள்ளுக்க போகேல்லை. மெல்லிய துணியால பதமாத் துடைச்சுக் காத்துப்பட வையுங்கோ. வெய்யில்ல மட்டும் வைச்சிடாதேங்கோ, மேல் இலை வெடிச்சுப் போம்.”

அவருடைய அப்பு காலி நகரத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தவராம். புகையிலையைப் பாடம் செய்வது, இலைக்குக் கோடா என்ற சாறு போடுவது, முன்பு யாழ்ப்பாணப் புகையிலை கடல் தாண்டித் திருவிதாங்கூர் வரை போனது என்று அன்று சாயங்காலம் முழுக்கச் சொன்னார். கொழும்பில் நான் ஒரு வீட்டில் முதன்முதலாக மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசியது அன்றுதான்.

அப்புறம் ஹ்யூமிடர் பற்றித் தேடிப் படித்தேன். சுருட்டின் ஈரத்தைக் காப்பதற்கென்றே செய்கிற மரப்பெட்டி அது. உள்ளே ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மேல் இலை காய்ந்து உடையும், கூடினால் பூஞ்சணம். ஆனால் படித்த குறிப்பில் பாதிக்கு மேல், பெட்டிக்குள் ஈரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் சொன்னது: பஞ்சை நனை, வடிநீர் ஊற்று. குளிரும் வறட்சியுமான ஊர்க்காரர்கள் எழுதியது. நம் பாடு நேர் எதிர். வெளிக்காற்றே 80க்கு மேல் நிற்கிற ஊரில் ஈரம் உள்ளே வராமல் தடுக்க வேண்டும்.

மொரட்டுவையில் ஒரு தச்சரிடம் மகோகனிப் பலகையில் பெட்டி செய்யக் கொடுத்தோம். எனக்குச் சிங்களம் தெரியாது, ஐயாதான் கூட வந்து பேசினார். வழக்கமாக இதற்கு ஸ்பானிஷ் சிடார் என்ற மரத்தைப் போடுவார்கள். பெயர் அப்படியே தவிர அது ஸ்பெயின் மரமும் இல்லை, தேவதாருவும் இல்லை. மகோகனியும் அதுவும் நம் வேம்பின் குடும்பம். தெரிந்ததும் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்தோம். ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. தச்சர் ஒன்றும் சொல்லாமல் மூடியைக் கழற்றி மறுபடி இழைத்தார்.

முதலில் ஈரப்பதம் காட்டும் ஒரு முள் மீட்டர் வாங்கி வைத்தேன். மழையோ வெயிலோ, முள் 60ஐ விட்டு அசையவில்லை. அதை எறிந்துவிட்டு, ஊரிலிருந்து தம்பி வந்தபோது ப்ளூடூத் சென்சார் இரண்டு கொண்டுவரச் சொன்னேன். தீப்பெட்டி அளவுதான், பொத்தான் பேட்டரியில் ஓடும். உள்ளே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. எவ்வளவு உறிஞ்சுகிறதோ அதற்கேற்ப அதன் மின் கொள்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், மாறும், அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. பெட்டிக்குள் ஒன்று, அறையில் ஒன்று வைத்தேன். பெட்டியைத் திறக்காமலே செல்பேசியில் பார்க்கலாம் என்பதுதான் இதில் பெரிய விஷயம். ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் கடற்கரைக் காற்றை நாமே உள்ளே அழைக்கிறோம் அல்லவா?

சென்சாரை நம்புவதற்கு முன் உப்புச் சோதனை செய்ய வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் உப்பு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் சென்சாரையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் விட வேண்டும். உள்ளே 75 சதவீதம்தான் நிற்கும், உப்பின் இயல்பு அது. என் சென்சார் 78 காட்டியது. செயலியில் மூன்றைக் கழித்து வைத்தேன். அன்றுதான் உறைத்தது: காற்றின் ஈரம் 75ஐத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுப்படி ஜாடி முதல் மாதமே எனக்கு இதைச் சொல்லியிருக்கிறது.

பெட்டிக்குள் 65 என்று எழுதிய ஈரப்பதப் பைகள் இரண்டு போட்டேன். ஈரம் கூடினால் உறிஞ்சும், குறைந்தால் விடும். அதன் பிறகு காலையில் எழுந்ததும் கோலம் போடுவதற்கு முன் செயலியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஏசி ஓடினால் அறை 58, நிறுத்தினால் 80க்கு மேல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருந்த மின்வெட்டு அதற்குள் குறைந்திருந்தாலும், கரண்ட் போன நேரமெல்லாம் வரைபடத்தில் அப்படியே தெரிந்தது. அறையின் கோடு அரை மணியில் செங்குத்தாக ஏறும். பெட்டியின் கோடு ஒன்றிரண்டு புள்ளிதான் நகரும். மொரட்டுவைத் தச்சரின் கையை நினைத்துக்கொள்வேன்.

வெப்பத்தைத்தான் கட்டுப்படுத்த முடியவில்லை. கொழும்பின் 28, 29 டிகிரி புகையிலை வண்டுக்குக் கொண்டாட்டம், முட்டை பொரிந்தால் சுருட்டில் ஊசித்துளை விழும். ஃப்ரீசரின் கடுங்குளிரில் சில நாள் வைத்தால் முட்டை அழியும். ஐயா வீட்டு அம்மாவின் ஃப்ரீசரில், சுறா மீனுக்குப் பக்கத்தில், இரண்டு பை போட்டு இறுக்கி நான்கு நாள் வைத்தோம். அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜில், அதன் பிறகே வெளியே. சட்டென்று வெளியே எடுத்தால் மேல் இலை பிளந்துவிடும். மீன் வாசம் ஏறவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு வாழைக்காய்ப் பொரியல், பாயசம், வடை வைத்து இலை போட்டேன். பெட்டியைத் திறந்தபோது திண்ணை வாசம் வந்தது. தாத்தா செய்கிற மாதிரி ஒரு சுருட்டைக் காதருகே வைத்து உருட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை, நல்ல பதம். படையல் முடிந்ததும் ஐயாவை மேலே கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தேன். பால்கனியில் நின்று பற்றவைத்தார். நீள நீளமாக வெள்ளைச் சாம்பல் நின்றது.

“உங்கட தாத்தா இறுக்கிச் சுருட்டேல்லை பிள்ளை. கை தெரிஞ்ச மனுசன்.”

இரவு செயலியைப் பார்த்தேன். பெட்டியைத் திறந்த 11.40க்கு 66இலிருந்து 72 வரை ஒரு சின்ன மேடு, ஒரு மணிக்கெல்லாம் பழையபடி 66.