சிவப்புப் பேனா

போன ஞாயிறு சபையில் வேதம் வாசிப்பது என் முறை. எண்ணாகமம் 20. மோசேயோடு வனாந்தரத்தில் வரும் இஸ்ரவேல் ஜனங்கள் தண்ணீர் இல்லாமல் வாக்குவாதம் பண்ணுகிறார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசச் சொல்கிறார் கர்த்தர். மோசே கோலை ஓங்கி இரண்டு தரம் அடிக்கிறார். பத்தாம் வசனத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "கலகக்காரரே, கேளுங்கள், உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ" என்கிறார்.

தமிழில் படிக்கிறவன் அந்த 'நாங்கள்' முன்னால் நிற்காமல் தாண்டிப் போக முடியாது. 'நாம்' என்றால் எதிரே நிற்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியாயிற்று. மோசேயின் அந்தச் சொல்லில் ஜனங்களும் இல்லை, கர்த்தரும் இல்லை. ஆரோனும் மோசேயும், அண்ணன் தம்பி இரண்டு பேர்தான்.

தொண்டை கட்டியதற்குக் காரணம் வேறு. 2008, நர்கிஸ் புயல். மே 2ஆம் தேதி கரையேறிய காற்றில் பர்மாவின் ஐராவதி டெல்டாவில் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேருக்கு மேல். ரங்கூனில் நாங்கள் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். கூரைத் தகரம் பறந்தது, வேரோடு சாய்ந்த மரங்கள் ரோட்டை அடைத்துக் கிடந்தன, கரண்டு போயிற்று, குடிக்கத் தண்ணீருக்கு அலைந்தோம். எந்த நிவாரணம் எங்கே போய் நின்றது என்ற கதைக்குள் நான் போகவில்லை. எங்கள் சபைக்குக் கொஞ்சம் அரிசி மூட்டை வந்தது. கமிட்டியில் கணக்கு எழுதத் தெரிந்தவன் என்று நோட்டையும் சிவப்புப் பேனாவையும் என்னிடம் கொடுத்தார்கள்.

இந்த ஊரில் அரிசி அளக்கப் பால் டப்பாதான். கெட்டிப்பால் டப்பா எட்டு சேர்ந்தால் ஒரு பியீ, மூட்டைக்கு 24 பியீ. மூன்று குடும்பத்துக்கு ஒரு மூட்டை, வீட்டுக்கு எட்டு பியீ என்று கணக்குப் போட்டேன். டப்பாவில் அரிசியை அள்ளி, தரையில் ஒரு தட்டுத் தட்டி, மேலே கும்பாச்சியாக நிற்பதை விரலால் வழித்துவிடுவேன். வாங்கியவர் பேரின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை இழுக்கும்போது உள்ளுக்குள் ஒரு சுகம் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தாவது அதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள், தெருமுனையில் இட்லி விற்கும் பாட்டி திரும்ப வந்து வரிசையில் நின்றார்.

"தம்பி, இன்னொரு நாலு பியீ கிடைக்குமாப்பா?"

"உங்க பேரை அடிச்சாச்சு பாட்டி. நாங்க கொடுத்ததை வச்சுச் சமாளிக்கப் பழகுங்க. ஆளாளுக்கு ரெண்டு தடவை வந்தா நாங்க என்ன பண்றது?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வரிசை முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. காலிப் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மறுநாள் சபைப் போதகர் ஐயர் சொல்லித்தான் தெரிந்தது. பாட்டிக்குப் பக்கத்து வீடு ஒரு பர்மாக் குடும்பம். கூரை போய், ஐந்து பேரும் பாட்டியின் ஒற்றை அறையில் படுத்திருந்தார்கள். புத்த பகோடாவுக்குப் போகிறவர்கள், எங்கள் சபை நோட்டில் எப்படிப் பேர் இருக்கும்? முதல் நாள் வாங்கிய எட்டு பியீயில் பாதியைப் பாட்டி அப்போதே அவர்களுக்கு அளந்து கொடுத்துவிட்டார்.

இதில் வேடிக்கை, அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு நன்றித் தீர்மானம். ஒரு டப்பா அரிசி கணக்கில் குறையவில்லையாம். மோசே அடித்த அடிக்கும் தண்ணீர் ஏராளமாய் வந்தது, சபையார் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. எனக்குப் பயமான இடம் அதுதான். தண்ணீர் வராமல் போயிருந்தால் மோசே அங்கேயே சுதாரித்திருப்பார். வந்துவிட்டது. அன்றைக்குக் குடித்தவர்களில் யாருக்காவது, இதற்காகவே இந்த மனுஷன் கர்த்தர் வாக்களித்த கானானுக்குள் போகமாட்டார் என்று தெரிந்திருக்குமா?

இதே மோசேதான் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கும்பிட்ட விவகாரத்தில், அவர்களை மன்னியும், இல்லாவிட்டால் "நீர் எழுதின உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்" என்று கெஞ்சினவர். யாத்திராகமம் 32. அப்போதும் எதிரே இஸ்ரவேல் ஜனம்தான். நான் ஊரார் பேரை அடித்துக்கொண்டிருந்தேன். பாட்டி தன் பங்கை அடித்துக்கொண்டார், நோட்டும் இல்லாமல் பேனாவும் இல்லாமல்.

ஐயர் சொன்ன அன்று சாயந்திரமே என் வீட்டு அரிசியில் நாலு பியீ கட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். கும்பாச்சியை வழிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "மன்னிச்சிருங்க பாட்டி, நேத்து நான்..." என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாப் பேசு, புள்ள முழிச்சுக்கும்" என்றார். பையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "இது நல்ல அரிசி. நீங்க கொடுத்த மூட்டையில கல்லு ஜாஸ்தி தம்பி. அடுத்த தடவை பார்த்து வாங்கச் சொல்லு."